மறு: எமோஜிக்கு ‘உணர்வுக்குறி’ வேண்டாம், ‘படவெழுத்து’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் செயலியின் தமிழாக்கத்தில் எமோஜிக்கு ‘உணர்வுக்குறி’ என்றே முடிவு செய்துவிடலாம் என்று இந்த இழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆங்கில ‘எமோஷன்’ காதில் ஒலிப்பதால் வந்த மயக்கம் அது. ஜப்பானிய மொழியில் ‘எ’ என்றால் படம், ‘மொஜி’ என்றால் எழுத்து. உணர்ச்சிக்கு அங்கே வேலையே இல்லை.

1999-இல் ஜப்பானியக் கைப்பேசி நிறுவனமான டோக்கோமோவின் ஐ-மோட் என்ற கைப்பேசி இணையச் சேவைக்காக ஷிகெதாகா குரிதா 176 எமோஜிகளை வரைந்தார். ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கும். வெயில், மழை, ரயில், ராசிகள் என்று போகும் அந்த வரிசையில் முகங்கள் கொஞ்சம்தான். குடையும் ரயிலும் என்ன உணர்வைக் காட்டுகின்றன?

‘எழுத்து’ என்பதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத்தரமான யூனிக்கோடு, 2010-இல் தன் 6.0 பதிப்பில் எமோஜிகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துக்கொண்டதிலிருந்து, ‘அ’வுக்கு ஒரு குறியெண் இருப்பதுபோல் சிரிப்பு முகத்துக்கும் ஒன்று இருக்கிறது. நாம் அனுப்புவது படக்கோப்பு அல்ல, அந்த எண். அதனால்தான் ஆப்பிள் கைப்பேசியில் ஒரு மாதிரியும் சாம்சங்கில் வேறு மாதிரியும் தெரிகிறது: எண் ஒன்றே, எழுத்துரு வேறு. ‘குறி’ என்று போட்டால் இது தெரியாமலே போய்விடும்.

> பழைய எகிப்திய எழுத்தோடு குழம்பாதா?

அதற்குச் சித்திர எழுத்து, ஓவிய எழுத்து என்ற பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை அப்படியே இருக்கட்டும்.

> மூலச்சொல்லின் பொருளைப் பார்த்தால் சுனாமியையும் ‘துறைமுக அலை’ என்போமா?

நல்ல கேள்வி. ‘ட்சு’ துறைமுகம், ‘நமி’ அலை என்பது சரிதான். ஆனால் அந்த அலை துறைமுகத்தோடு நிற்பதில்லை. 2004-இல் நம் கடற்கரை முழுக்கப் பார்த்தோம். அங்கே மூலச்சொல்லின் பொருள் வழிகாட்டாது, ‘ஆழிப்பேரலை’தான் பொருத்தம். எமோஜியில் மூலச்சொல்லின் பொருளும் அது குறிப்பதன் இயல்பும் ஒன்றாகவே இருக்கின்றன. கிடைத்ததை ஏன் விட வேண்டும்?

‘உணர்வுக்குறி’யைத் தூக்கி எறியவும் வேண்டாம். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி சேர்த்துச் சிரிக்க வைப்போமே, 1982-இல் கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன் முன்வைத்தது, அந்த எமோட்டிகானுக்கு அது கச்சிதம். ஜப்பானியர்களும் நிறுத்தக்குறிகளால் ஆன முகங்களைத் தனியே ‘காவோமொஜி’ என்கிறார்கள், அதாவது முகவெழுத்து. நாம் மட்டும் இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது சரியில்லை.

அப்புறம் புணர்ச்சி. படம் + எழுத்து: மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வரும். தொல்காப்பியத்தின் ‘வடவெழுத்து’ பழகிய காதுக்கு ‘படவெழுத்து’ அந்நியமாக ஒலிக்காது. பேச்சில் எமோஜி என்றே சொல்லட்டும், தடையில்லை. செயலியின் விசைப்பலகைப் பொத்தானுக்கும் அமைப்புப் பக்கத்துக்கும் ‘படவெழுத்து’ என்று இடலாம் என்பது என் முன்மொழிவு. சிறிய திரையில் நீளம் ஒத்துவருமா என்று வடிவமைப்பைப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.