பழைய பெரிய செயின்சா வாங்கி ஓடவைத்தவர்கள் எழுதுங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

கேமரன்மலை

என்னுடையது ஸ்டில் கம்பெனியின் பழைய 090 மாடல் செயின்சா. தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: 137 சிசி, ஒற்றை சிலிண்டர், செயின் பிரேக் கிடையாது. ரிங்லெட் பக்கம் முன்பு மரம் வெட்டும் குத்தகை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வாங்கினேன். கிராங்க் சீல் (எஞ்சின் அச்சின் இரு பக்கமும் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இரண்டையும் மாற்றி, கார்புரேட்டருக்குப் புது டயாபிரம் (பெட்ரோலை இழுக்கும் மெல்லிய சவ்வு) போட்டு, தீப்பொறிக்கான பாயிண்டைச் சுத்தம் செய்ததும் ஓடிவிட்டது. இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

எழுத வந்தது வேறு. ஓடவைத்த பிறகு அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். விடிந்தும் விடியாத நேரம், நல்ல குளிர். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் கையை நீட்டினார், கொடுத்தேன். கொஞ்ச நேரம் பிடித்து, விசையை இரண்டு முறை அழுத்திவிட்டுத் திருப்பித் தந்தார். அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தன. சுண்ணாம்பில் தோய்த்து எடுத்ததுபோல, எந்த இடத்தில் வெள்ளை முடிந்து தோலின் நிறம் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. அதைப் போட முயன்றார், விரலுக்குப் பொத்தான் தட்டுப்படவில்லை. பேரன் வந்து போட்டுவிட்டான். "பழகிப் போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அதிர்வால் வரும் வெள்ளை விரல் நோய் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். நாம் எல்லோரும் 'சத்தம் என்ன சத்தம், பலம் என்ன பலம்' என்று கொண்டாடும் இந்த மெஷின், அதை வைத்துப் பிழைத்தவரின் விரல்களை என்ன செய்திருக்கிறது என்று யாராவது பேசியிருக்கிறோமா?

குலசேகரம்

கேமரன்மலை அண்ணா, பெரியவரின் கை விஷயம் மனதைப் பிசைகிறது. ஆனால் முதலில் ஒன்று கேட்கிறேன்: உங்களுடையது அசல் 090 என்று எப்படி உறுதி செய்தீர்கள்?

எங்கள் பக்கம் ரப்பர் தோட்டங்கள் அதிகம். பால் வற்றிய மரங்களை அடியோடு வெட்டி மறுநடவு செய்யும்போது, அதே ஸ்டில்லின் பழைய 070 மாடலுக்கு இன்றும் கிராக்கி உண்டு. 'ஜெர்மன் பழசு' என்று சொல்லி எனக்கும் ஒன்று விற்றார்கள். உடல் பழசு, எழுத்து தேய்ந்த மூடி, எண்ணெய்க் கறை எல்லாம் இருந்தன. நன்றாக ஓடியது. கொஞ்ச நாளில் இழுவை குறைந்தது, சிலிண்டரைக் கழற்றினேன். உள்சுவரில் நகத்தை வைத்து இழுத்தேன், முலாம் சின்னச் செதிலாகப் பெயர்ந்து நகத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய உடலுக்குள் மலிவான நகல் சிலிண்டரையும் பிஸ்டனையும் வைத்து மூடியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் போய்க் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மரம் அறுத்ததா இல்லையா?" என்றார். அறுத்தது, உண்மைதான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை, அதுதான் உறுத்துகிறது. வாங்குகிறவர்கள் வெளிப்பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நான் பார்த்த நகல்களில் வார்ப்பு மணல்மணலாகச் சொரசொரத்தது, அசலில் அப்படி இல்லை.

ஒன்டாரியோவிலிருந்து

இங்கே பீட்டர்பரோ அருகில் ஒரு பண்ணை ஏலம். பயனியர் செயின்சாக்கள் செய்த ஊர் என்பதால் அந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் எதுவும் கிடைக்கும். நான் போனது ஸ்டில் கான்ட்ராவுக்காக. 1959இல் வந்தது, 6 குதிரைத் திறன், 12 கிலோ, கியர் இல்லாமல் நேராக செயினை ஓட்டுவது. வட அமெரிக்காவில் லைட்னிங் என்ற பெயரில் விற்றார்கள்.

என்னோடு ஒரு முதியவர் விடாமல் போட்டிபோட்டு விலையை ஏற்றினார். கடைசியில் எனக்கே விழுந்தது. பணம் கட்டிவிட்டு வண்டியில் ஏற்றப் போகும்போது அவர் பின்னாலேயே வந்தார். "ஒரு நிமிடம்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து சைலன்சரைக் கழற்றினார். டார்ச் அடித்து, புகைபோகும் துளை வழியாக பிஸ்டனைக் காட்டினார். பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். எண்ணெய் பற்றாமலோ காற்று கசிந்தோ சூடேறி, சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்ட பிஸ்டன்.

ஏலத்துக்கு முன்பே அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பது அந்தத் திருகுகள் இலகுவாகக் கழன்றதிலேயே தெரிந்தது. பார்த்தும் ஏன் அவ்வளவு தூரம் விலை கேட்டார்? தோற்ற பிறகு எதற்கு எனக்குக் காட்ட வேண்டும்? அவர் போன பிறகும் சைலன்சரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்

ஒன்டாரியோ நண்பரே, கீறல் இருந்தால் சிலிண்டர் போச்சு என்று நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருப்பதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் அலுமினியம் நுரைத்துக் கரையும், குரோம் முலாம் நிற்கும். முலாம் போன இடத்தில் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும் என்பதால் நிதானம் வேண்டும்.

ஆனால் பிஸ்டனை மாற்றுவதற்கு முன் அது ஏன் பிடித்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் புதுப் பிஸ்டனும் அதே வழியில்தான் போகும். பழைய மெஷினில் கிராங்க் சீல் காய்ந்து விறைத்திருக்கும். அதன் வழியாகக் காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே எண்ணெயும் குறையும். சூடேறி முடிந்தது கதை. கலவை உள்ளே போகும் துளை, புகைத்துளை இரண்டையும் அடைத்து, சுமார் அரை பார் அழுத்தத்தில் காற்றடித்து, சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம் கசிவு. இதைச் செய்யாமல் கயிற்றை இழுக்கவே கூடாது.

எண்ணெய்க் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால எண்ணெய் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, அதாவது 25:1. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் 50:1 போதும் என்பார்கள், நான் பழைய எஞ்சினுக்கு அவ்வளவு இறங்க மாட்டேன். எண்ணெயைக் கூட்டினால் கார்புரேட்டரில் H திருகையும் (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துவது) திருத்த வேண்டும். எண்ணெய் கூடும்போது அதே அளவுக்குள் பெட்ரோல் குறைகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டு வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய டயாபிரத்தைக் கெடுக்கும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். செயின் உடனே நிற்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். செயின் பிரேக் என்பதே 1970களில்தான் பரவலானது. இந்த மெஷின்களில் பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனி மரத்தில் பட்டு எகிறினால், நம் முகத்தைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

என் அனுபவம் என்று கேட்டால்: ஒருவர் 070-ஐப் பட்டறைக்குக் கொண்டுவந்து, "ஓட வேண்டாம், என் அப்பா பிடித்திருந்த மாதிரி இருந்தால் போதும்" என்றார். ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துதான் கொடுத்தேன். அவர் அதை இயக்கவே இல்லை.

வவுனியா

மெக்கானிக் அண்ணை, எண்ணெய்க் கணக்கெல்லாம் பெற்றோல் கிடைத்த ஊர்களுக்குச் சரி. 90களில் எங்கள் பக்கம் பெற்றோல் தடை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்து, கார்புரேட்டரில் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மாமா தன் செயின்சோவையும் அப்படித்தான் ஓட்டினார். இடம்பெயர்ந்தபோது பதுங்கு குழிக்குப் பக்கத்தில் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனவர், திரும்பி வந்து தோண்டி எடுத்தார்.

மாமா காலமான பிறகு எனக்கு வந்தது. 2019இல் செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்ன நேரம், ஓடுகிறதா என்று பார்க்கத் திறந்தேன். பிஸ்டன் தலையில் நாணயத் தடிப்புக்குக் கரி. கத்தியை வைத்தால் அலுமினியம் கீறுப்படும் என்று மூங்கில் சீவலால் சுரண்டினேன். கரி ஓடு ஓடாகப் பெயர்ந்தது. ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக, கறுப்பும் சாம்பலும் மாறி மாறி. மண்ணெண்ணெய் கிடைத்த மாதங்களும் கொஞ்சம் பெற்றோல் கிடைத்த மாதங்களும் அப்படிப் படிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அறிவியல்படி சரியோ தெரியாது. அந்தத் துண்டை எறிய மனம் வரவில்லை, தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

குலசேகரம் அண்ணைக்கு ஒன்று: உங்கள் விற்பனைக்காரரின் கேள்வி பிழை. மரம் அறுத்ததா என்பது வாங்கியவர் கேட்க வேண்டியது. விற்றவர் கேட்க வேண்டியது, நான் சொன்னதுதானா கொடுத்தேன் என்பது.

குலசேகரம்

வவுனியா தம்பி, நன்றி. இதை அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் அந்தக் கடையிலிருந்து அப்படித் தலையைத் தொங்கப்போட்டு வந்திருக்க மாட்டேன்.

மெக்கானிக் ஐயாவுக்கு: அமில வைத்தியம் குரோம் முலாம் கெட்டியாக இருக்கும் அசல் சிலிண்டருக்குத்தான். நகல் சிலிண்டரில் யாரும் அதைச் செய்துபார்க்க வேண்டாம், முலாமோடு சேர்ந்து போய்விடும்.

ஒன்டாரியோவிலிருந்து

மெக்கானிக் சொன்னபடி சோப்பு நீர் வைத்துப் பார்த்தேன். கிளட்ச் பக்கத்துச் சீலில் குமிழி கிளம்பியது. கீறலுக்குக் காரணம் அதுதான். ஏலத்தில் வந்தவரை மறுபடியும் அதே வட்டாரத்தில் பார்த்தேன். தனக்கு வேண்டியது எஞ்சின் அல்ல, அதில் இருந்த நான்கடி பார்தான் என்றார். கொட்டகையில் விழுந்து கிடக்கும் கறுப்பு வால்நட் அடிமரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்க வேண்டுமாம். அவ்வளவு நீளப் பார் இப்போது தேடினாலும் சுலபமாகக் கிடைப்பதில்லை. தோற்ற பிறகு பிஸ்டனைக் காட்டியது, நான் அதை அப்படியே ஓட்டிப் பாழாக்கிவிடக்கூடாது என்பதற்காக. பாரை அவருக்குக் கொடுத்துவிட்டேன், என் வேலைக்குச் சின்னப் பாரே போதும்.

கேமரன்மலை

என் 090-இன் உள்பக்கம் வழுவழுப்புதான் குலசேகரம், மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். மெக்கானிக் சொன்ன பிரேக் விஷயமும் நியாயம், பார் நுனியால் இனி அறுக்கப் போவதில்லை. தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே நிறுத்தி, கையைச் சூடாக வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். 090-இல் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஏவி மாடல் ஒன்று உண்டு. அதன் கைப்பிடியை சாதா 090-இல் யாராவது பொருத்தியிருந்தால் எழுதுங்கள். பெரியவரின் பேரன் இப்போது தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான், அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.