கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டுறது) ஓடும்போது மட்டும் வேரியபிள் காலி. ஜாப் ஃபெயில் ஆனாலும் $? (கடைசி கமாண்டோட முடிவு எண், 0ன்னா வெற்றி) 0 காட்டுது

யார்டு_ஷெல் (மணலி):
உபுன்டு சர்வர், பாஷ் ஸ்கிரிப்ட். கன்டெய்னர் யார்டு கேட்-இன் (உள்ளே வந்த கன்டெய்னர்) பட்டியலை ராத்திரி 1.30க்கு எண்ணி, கோப்பை வெளியே அனுப்பணும். கையால ஓட்டினா கோப்பு போகுது. கிரான்ல டேட்டாபேஸ் பாதை வேரியபிள் காலி. பாஷ்ஆர்சில (பாஷ் தொடங்கும்போது படிக்கிற அமைப்புக் கோப்பு) எக்ஸ்போர்ட் பண்ணித்தான் வெச்சிருக்கேன். லூப்புக்குள்ள கவுன்ட் ஏறுது, வெளியே வந்தா 0 (இது கையால ஓட்டினாலும்). அனுப்புற வேலையை & போட்டு பின்னணில விட்டிருக்கேன்; அது ஃபெயில் ஆனாலும் $? 0. கிரான்டேப் (கிரான் வேலைகளோட பட்டியல் கோப்பு) வரில லாக் பேரோட தேதி சேர்த்தப்போ ஜாப்பே கிளம்பல, எடுத்துட்டேன்.

ராயபுரம்_ரூட்:
கிரான் உங்க லாகின் ஷெல் இல்ல பாஸ், பாஷ்ஆர்சியைப் படிக்காது. ஸ்கிரிப்டுக்குள்ள அதை இழுத்தாலும் வேலைக்கு ஆகாது: உபுன்டு தர்ற பாஷ்ஆர்சியோட ஆரம்பத்துலயே, டெர்மினல்ல உட்கார்ந்து ஓட்டலைன்னா திரும்பிப் போயிடுன்னு ஒரு சோதனை இருக்கு. உங்க எக்ஸ்போர்ட் அதுக்குக் கீழே இருக்கும்.

வேரியபிளை கிரான்டேப் மேலேயே எழுதலாம். ஆனா அங்கே $ விரியாது. பாத் (கமாண்டுகளைத் தேடுற இடங்கள்) வரில பழைய $பாத்தை ஒட்டினா அது வெறும் எழுத்தாத்தான் நிக்கும், முழுப் பாதையா எழுதுங்க. தேதி சிக்கல் % குறியால வந்தது. கிரான்டேப்ல % வந்தா அங்கேயே கமாண்டு முடிஞ்சது. மிச்சம் ஸ்டாண்டர்டு இன்புட்டாப் போகும். \% னு எழுதணும்.

1.30 வரைக்கும் காத்திருக்க வேணாம். என்வ் கமாண்டுக்கு ஐ (i) ஆப்ஷன் போட்டு எல்லா வேரியபிளையும் காலி பண்ணி, ஹோமும் பாத்தும் (/யூஎஸ்ஆர்/பின்:/பின்) மட்டும் குடுத்து ஓட்டுங்க. கிரான்ல வர்ற கோளாறு பகல்லயே வந்துடும்.

எண்ணூர்_பைப்:
கவுன்ட் 0 ஆகுறது பைப்பால. பட்டியலை கேட் கமாண்டால லூப்புக்குத் தள்ளி, கேட் | வைல் ரீட் னு எழுதியிருப்பீங்க. பைப்புக்கு வலப்பக்க லூப் சப்-ஷெல்ல (தனியாப் பிரிஞ்ச பிள்ளை ஷெல்) ஓடுது. அங்கே ஏறின எண் அதோடவே போயிடும். பைப்பை எடுத்துட்டு டன் < பட்டியல் னு முடிங்க. லாஸ்ட்பைப் ஆப்ஷனும் (கடைசி பகுதியை அதே ஷெல்ல ஓட்டும்) உண்டு, ஆனா ஜாப் கன்ட்ரோல் (வேலைகளை நிறுத்தி, முன்னே பின்னே மாத்துற வசதி) அணைஞ்சிருந்தாத்தான் அது பலிக்கும். ஸ்கிரிப்ட்ல அணைஞ்சேதான் இருக்கும். டெர்மினல்ல செட் +எம் போடாம சோதிச்சா வேலை செய்யலைன்னு தப்பா முடிவு பண்ணிடுவீங்க.

& க்கு அப்புறம் $? எப்பவும் 0தான். தண்டையார்பேட்டை டிப்போல பஸ் கிளம்பினதுக்குப் போட்ட கையெழுத்து அது. எண்ணூர் போய்ச் சேர்ந்ததுக்கு இல்ல. இப்படி எழுதுங்க ($! அந்தப் பின்னணி வேலையோட பிராசஸ் எண், அதாவது பிஐடி; வெயிட் அது முடியுற வரைக்கும் காத்திருக்கும்):

அனுப்பு &
பிஐடி=$!
வெயிட் "$பிஐடி"
ஆர்சி=$?

கடைசி வரி வெயிட்டுக்கு ஒட்டினாப்புல இருக்கணும். நடுவுல ஒரு எக்கோ நுழைஞ்சாலும் $? எக்கோவோடதாயிடும். 126 வந்தா எக்ஸிக்யூட் அனுமதி இல்ல. 128க்கு மேல வந்தா பொதுவா சிக்னலால நின்னது: 137 கில் -9, 143 சாதாரண கில்.

திருவொற்றியூர்_கர்னல்:
பாதை சரி, ஆனா பாஸ்வேர்டை கிரான்டேப்ல எழுதாதீங்க. தனிக் கோப்புல வெச்சு 600 அனுமதி (சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத) குடுங்க. ஸ்கிரிப்ட்ல செட் -ஏ, அப்புறம் புள்ளி போட்டு அந்தக் கோப்பு, அப்புறம் செட் +ஏ. நடுவுல வர்ற எல்லா வேரியபிளும் தானா எக்ஸ்போர்ட் ஆகும். சோர்ஸ்னு எழுதாம புள்ளியே போடுங்க, உபுன்டுல எஸ்எச்ங்கிறது டாஷ்னு வேற ஷெல்; அதுக்கு சோர்ஸ் தெரியாது.

ஃபங்ஷனுக்குள்ள லோக்கல் எக்ஸ்=$(கமாண்டு) னு ஒரே வரில எழுதினாலும் $? 0 ஆயிடும், அது லோக்கலோட பதில். ரெண்டு வரியாப் பிரிச்சிடுங்க.

யார்டு_ஷெல்:
பாதை, கவுன்ட், தேதி மூணும் சரி. வெயிட் மட்டும் 127 தருது. பிஐடியை ஒரு கோப்புல எழுதி, மெயில் அனுப்புற ஸ்கிரிப்ட்ல படிச்சு வெயிட் போட்டிருக்கேன்.

எண்ணூர்_பைப்:
அதான் காரணம். வெயிட் தன் ஷெல் பெத்த பிராசஸுக்கு மட்டும்தான் காத்திருக்கும். அடுத்த ஸ்கிரிப்டோட பிள்ளையைக் கேட்டா 127. அனுப்புற ஸ்கிரிப்ட்லயே வெயிட் போட்டு, பிஐடிக்குப் பதிலா ஆர்சியைக் கோப்புல எழுதுங்க.