டொல்பின் வான்: போத்தலில் கூலன்ற் நிற்கிறது, ரேடியேற்றர் காலி

சங்கானை வான்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ஹையேஸ் டொல்பின், 3எல் ரக டீசல் எஞ்சின். வார நாளில் சங்கானையிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறேன், சனி ஞாயிறில் ஹயர். வாங்கி ஆறு வருசம், ஒரு நாளும் நடு றோட்டில் நின்றதில்லை.

போன ஞாயிறு கொடிகாமத்தில் ஒரு கலியாண வீட்டு ஹயர் முடித்து வரும்போது, நாவற்குழிப் பாலம் தாண்டியதும் ஹீற் முள் முக்கால்வாசிக்கு ஏறிவிட்டது. ஓரமாக நிறுத்தி ரிசேர்வ் போத்தலைப் பார்த்தேன். ஃபுல் கோட்டில் அப்படியே நிற்கிறது. எஞ்சினை ஆற்றுகிற கூலன்ற் இருக்கிறதுதானே என்று மெல்ல ஓட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிய ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே தெரியவில்லை. ஒன்றரை லீற்றர் கிணற்றுத் தண்ணீர் பிடித்தது. நாலு நாளில் திரும்பவும் அரை லீற்றர் குறைந்திருக்கிறது. சீமெந்துத் தரையில் ஒரு சொட்டும் இல்லை.

கராஜில் காட்டினேன். ஹெட் காஸ்கற் (எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்குக் கீழ் இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற நேரம், பதினொரு பிள்ளைகள் என்னை நம்பி இருக்கிறார்கள். அதற்கு முதல் நானே பார்க்கக் கூடியது ஏதும் இருக்கிறதா? இன்னொன்று, உள்ளே இருந்தது சிவப்புக் கூலன்ற். என்னிடம் மிச்சம் இருப்பது பச்சை. ஊற்றலாமா?

கொக்குவில் பழைய பட்டறை:

தம்பி, ஹெட்டைக் கழற்ற இன்னும் காலம் வரவில்லை. போத்தல் நிறைந்து நிற்க ரேடியேற்றர் காலியானது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

அந்தப் போத்தல் என்ன செய்கிறது என்று விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். எஞ்சின் சூடாகும்போது கூலன்ற் விரியும். ரேடியேற்றர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. அழுத்தம் மூடியில் எழுதிய அளவைத் தாண்டினால் (இந்த வான்களில் அநேகமாக 0.9 என்றிருக்கும்) அது திறந்து, கூடுதலான கூலன்ற் மெல்லிய றபர் குழாய் வழியே போத்தலுக்குப் போகும். இரவில் எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது மூடியின் நடுவில் இருக்கிற சின்ன வால்வு திறந்து, அதே குழாயால் போத்தலில் இருந்து திரும்ப உறிஞ்சும். அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டாலோ, மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ கூலன்ற் திரும்பி வராது. வெடிப்பு இருந்தால் காற்றுத்தான் உள்ளே போகும். அப்படியானால் போத்தல் நிறைந்தே நிற்கும், ரேடியேற்றர் நாளாந்தம் இறங்கும்.

நாளை விடிய, ஸ்ரார்ட் பண்ண முதல், எஞ்சினுக்கு மேல் உள்ள சீற்றைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். எஞ்சின் பச்சைத் தண்ணீராய் ஆறியிருக்க வேண்டும். ரேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்து, சூடு இல்லை என்று நிச்சயமான பிறகே மூடியில் கை வையுங்கள். 0.9 அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகைக்குக் கிட்ட வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய் அந்த இடத்திலேயே கொதித்துச் சீறும். என்னோடு வேலை பழகின பெடியன் ஒருவனுக்கு நெஞ்சிலும் கையிலும் தோல் உரிந்ததை நான் கண்ணால் கண்டவன். துவாயைப் போட்டு மெல்லத் திறக்கலாம் என்று யாரும் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மூடியைக் கழற்றி அடிப்பக்க றபரை நகத்தால் அழுத்துங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். நடுவில் உள்ள சின்னத் தட்டை மெல்ல இழுத்துவிட்டால் தானாகத் திரும்ப ஒட்ட வேண்டும். பிறகு மெல்லிய குழாயைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து மற்ற முனையில் ஊதிப் பாருங்கள். ஊதும்போது வாயில் கூலன்ற் படக்கூடாது, அது நஞ்சு. குழாயை முதலில் தண்ணீரால் கழுவுங்கள்.

காஸ்கற் சந்தேகத்தையும் அங்கேயே பார்க்கலாம். ரேடியேற்றரைக் கழுத்து வரை நிரப்பி, மூடி போடாமல் ஆறின எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுங்கள். முதலில் கொஞ்சம் குமிழி வருவது அடைபட்ட காற்று. அது நிற்காமல் தொடர்ந்து வந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது அதிகரித்தால் காஸ்கற் பக்கம் யோசிக்கலாம். ஒயில் குச்சியில் பால் தேத்தண்ணி நிறம் இருக்கிறதா, ஸ்ரார்ட் பண்ணி ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாய் இறுகுகிறதா என்றும் பாருங்கள். இவை ஒன்றும் இல்லை என்றால் ஹெட்டைத் தொடவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் நன்றாகக் குறைந்தால் ஹீற் சென்சர் காற்றில் நிற்கும். அப்போது முள் கீழே இறங்கியும் காட்டும். நாவற்குழியில் இருந்து நீங்கள் ஓட்டி வந்த தூரத்தை நினைக்க எனக்கு மனம் பதறுகிறது. இனி முள் ஏறினால் நிறுத்தி, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடுங்கள். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

தீவுப்பக்கம்:

ஐயா சொன்னதோடு ஒன்று. யப்பானில் இருந்து வந்த வான்களில் பின் சீற்றுக்கும் ஹீற்றர் இருக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் யார் அதைப் போடுகிறார்கள்? ஆனால் தண்ணீர் அந்தக் குழாயாலும் ஓடுகிறது. வானுக்குக் கீழால் இரும்புக் குழாய் பின்பக்கம் போகிறது. நான் குறிகட்டுவானுக்கும் ரவுணுக்கும் ஓடுகிறவன், பண்ணைப் பாலத்து உப்புக்காற்று தெரியும்தானே. என் வானில் அந்தக் குழாய் கிளிப் பிடித்த இடத்தில் ஊசி முனையளவு துருப்பிடித்து ஓட்டையாகி, ஓடும்போது மட்டும் சீறிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் சொட்டாது. காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ரோச் லைற் அடித்துக் கீழேயும் பாருங்கள்.

கொக்குவில் பழைய பட்டறை:

நல்ல விசயம், நான் விட்டுவிட்டேன். வோட்டர் பம்புக்குக் கீழ் உள்ள சின்ன ஓட்டையிலும் அதே பூப்புத் தெரிகிறதா என்று பாருங்கள்.

தம்பி, நிறத்துக் கேள்விக்கு வருகிறேன். நிறம் கம்பனிக்காரர் போடுகிற சாயம். ஒரே சிவப்பு இரண்டு கம்பனியில் இரண்டு விதமாக இருக்கும். உள்ளே இருக்கிற துருத்தடுப்பு மருந்துகள் ஒன்றோடு ஒன்று சேராவிட்டால் களியாகத் திரண்டு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். பச்சையை ஊற்றாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியைச் சுரண்டிப் பாருங்கள், அந்த வெள்ளைப் படைதான் எஞ்சினுக்குள்ளும் ஒட்டுகிறது. கரையோரக் கிணறென்றால் உப்பும் சேரும். இங்கே பனி உறையாது, கூலன்ற் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கொதிநிலையைக் கூட்டுவதும் துருப்பிடிக்காமல் வைப்பதும் அதுதான். நான் திறந்த எஞ்சின்களில் அதிகமானவை தண்ணீர் மட்டும் ஊற்றிக் கெட்டவை.

பழுது தீர்ந்த பிறகு முழுவதையும் வடித்து, தெளிவாக வரும்வரை கழுவி, கடைசிக் கழுவலைப் பற்றரிக்கு விடுகிற டிஸ்டில் தண்ணீரால் செய்யுங்கள். கடையில் பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும், லேபிளை வாசித்து வாங்குங்கள். கழுவின தண்ணீர் கொஞ்சம் எஞ்சினுக்குள் நிற்கும். அதனால் கலக்காத கூலன்றை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில் தண்ணீரால் நிரப்புங்கள். ஹீற்றரைச் சூட்டில் வைத்து, முன்பக்கம் சற்று மேடாக நிறுத்தி, மூடி இல்லாமல் ஓடவிட்டு மேல் ஹோஸைப் பிசைந்துகொடுங்கள். காற்று வெளியேற மட்டம் இறங்கும், இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சுட்டால், சூடேறியதும் ரேடியேற்றருக்கு வழி விடுகிற தெர்மோஸ்ரற் திறந்துவிட்டது.

வடித்ததை முற்றத்தில் ஊற்றவேண்டாம். இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும்.

சங்கானை வான்:

ஐயா, கண்டுபிடித்துவிட்டேன். மெல்லிய குழாய் ரேடியேற்றர் கழுத்தில் மாட்டுகிற இடத்தில், கிளிப்புக்குக் கீழ், நீளவாட்டில் வெடித்திருக்கிறது. வளைத்தால்தான் தெரிகிறது. மூடி றபரும் நகம் இறங்காத அளவுக்குக் காய்ந்திருக்கிறது. குமிழி இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது, ஒயிலும் சுத்தம். தீவுப்பக்கம் அண்ணை சொன்ன பின் குழாயையும் பார்த்தேன், துரு இருக்கிறது, ஒழுக்கு இல்லை.

குழாயும் 0.9 மூடியும் புதிதாகப் போட்டேன். ஐந்து தரம் கழுவித்தான் தண்ணீர் தெளிந்தது. முதல் வடிப்பு செம்மண் கரைசல் மாதிரி வந்தது. போத்தலில் கறுப்பு ரேப் ஒட்டி மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். பின்னேரம் ஓடி முடிய ரேப்புக்கு மேல் ஒரு விரல் ஏறுகிறது, விடிய அதே இடத்துக்கு இறங்கி நிற்கிறது. இன்றைக்கு ஆறாவது நாள். ரேடியேற்றரையும் திறந்து பார்த்தேன், கழுத்து வரை இருக்கிறது.