சாக்சியின் மரங்களும் சிவந்த வானமும்

சேலத்திலிருந்து:
பன்னிரண்டு வயதுவரை நான் வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். அப்பாவுக்கு இரும்பு ஆலையில் வேலை, கத்மாவில் குவார்ட்டர்ஸ். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்போம். திடீரென்று ஆலைப் பக்கம் வானம் சிவக்கும். கொய்யா இலைகள், எதிர்வீட்டுச் சுவர், அம்மாவின் முகம் எல்லாமே செம்மஞ்சளாகிவிடும். உலையில் இரும்பிலிருந்து பிரிந்த கசடைக் கொட்டுகிற நேரம் அது. சற்று நேரத்தில் மறுபடி இருட்டு. "கொட்டிவிட்டார்கள், போய்ப் படுங்கள்" என்பார் அம்மா. எங்கள் வீட்டுக் கடிகாரமே அந்த வெளிச்சம்தான்.

போன வருடம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனேன். சாலையோர மரங்களைப் பார்த்ததும் அப்பா சொன்ன கதை நினைவுக்கு வந்தது. 1902இல், இரும்பு ஆலை தொடங்கத் திட்டமிட்டிருந்த ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஆலையோடு அமையப்போகும் ஊரைப் பற்றித் தன் மகன் தோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், நிழல் மரங்கள் நட வேண்டும், அவற்றில் ஒன்று விட்டு ஒன்று சீக்கிரம் வளர்கிற வகையாக இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார். புல்வெளி, தோட்டம், கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் திடல், கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கச் சொன்னார். "ஒன்று விட்டு ஒன்று ஏன் தெரியுமா? வேலைக்கு நடந்து போகிறவனுக்குச் சீக்கிரமே நிழல் வேண்டும். மெதுவாக வளர்கிற மரம் அதற்குள் தலைக்கு மேல் எழும்பாது" என்று அப்பா விளக்குவார்.

கடிதம் எழுதிய நாளில் ஆலைக்கு இடமே முடிவாகவில்லை. 1904இல் அவர் இறந்துவிட்டார். சுவர்ணரேகா, கர்காய் ஆறுகள் கூடுகிற இடத்துக்கு அருகே இருந்த சாக்சி கிராமத்தைத் தேர்ந்தெடுத்தது 1907இல்தான். 1912இல் முதல் எஃகு வந்தது. 1919இல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்ட, காளிமாட்டி ரயில் நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. ஊரின் முதல் வரைபடம் அமெரிக்கப் பொறியாளர்களுடையது; பிறகு டெம்பிள், ஸ்டோக்ஸ், கோனிக்ஸ்பெர்கர் என்று ஒருவர் பின் ஒருவராக அதை விரித்தார்கள். இத்தனை கை மாறியும் மரமும் திடலும் தப்பிப் பிழைத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

திருச்சியிலிருந்து:
என் பெரியப்பா ஜாம்ஷெட்பூரின் பிஷ்டுபூர் பகுதியில் இருந்தார். மார்ச் 3, ஜாம்ஷெட்ஜியின் பிறந்தநாள். அன்று ஜூபிலி பூங்கா முழுக்க விளக்கலங்காரம் செய்வார்கள். ஆலையின் பொன்விழாவுக்காக மைசூர் பிருந்தாவனத்தை மாதிரியாக வைத்து அமைத்து, 1958இல் நேரு திறந்துவைத்த பூங்கா அது. கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நான் அழ, பெரியப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். நீரூற்றின் நீர் பச்சையாகவும் சிவப்பாகவும் நிறம் மாற, திவலைகள் முகத்தில் தெறித்தன. போக நினைப்பவர்கள் மார்ச் முதல் வாரத்தில் போங்கள். டால்மா மலையடிவாரத்தில் உள்ள டிம்னா ஏரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், விடியற்காலையில் பார்க்க வேண்டும்.

வேலூரிலிருந்து:
நானும் அந்த ஊர்தான். ஆனால் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. அப்பா ஒப்பந்தக் கூலி, வீடு பஸ்தியில். பிழைக்க வந்த கூட்டத்துக்குத் திட்டமிட்ட வீடுகள் போதாததால் அவற்றைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளைத்தான் பஸ்தி என்பார்கள். வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக அம்மா சுமந்து வருவார். நகரத்தின் அழகைப் பேசும்போது இந்தத் தெருக்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அப்படியும் ஜூபிலி பூங்கா எங்களுக்கும் சொந்தமாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு போவோம். வீட்டில் ஆறு பேருக்கு நடுவே முடங்கிக் கிடக்கும் அப்பா, அந்தப் புல்லில் கைகால்களை முழுதாக நீட்டி, வெயில் இறங்கும்வரை தூங்குவார்.