தடயவியல் என்ற சொல் எதுவரை செல்லும்?

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்தில் ஃபாரன்சிக் (forensic, வழக்குக்கு உதவும் ஆய்வு) என்று வரும் கிளைகள் எல்லாவற்றுக்கும் ‘தடய’ என்றே முன்னொட்டுப் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

மூலம் ‘ஃபொரென்சிஸ்’ என்ற லத்தீன் சொல். ‘ஃபோரத்தைச் சேர்ந்தது’ என்று பொருள். ரோமில் வணிகமும் வழக்கும் நடந்த பொதுவெளி அது. நம் மன்றமும் அப்படித்தான்: ஊர் கூடிய இடமும் அதுவே, வழக்குத் தீர்த்த இடமும் அதுவே. ஆக, சொல்லின் கருவில் இருப்பது வழக்கு. தடயம் பிற்பாடு வந்தது.

ரத்தக்கறை, கைரேகை, நூலிழை என்றால் ‘தடயவியல்’ கச்சிதம். 1910-இல் பிரான்சின் லியோனில் குற்றப்புலனாய்வு ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லொக்கார்டின் கொள்கையே தொட்டது ஒட்டும் என்பதுதானே. ரத்தம் தோய்ந்த சட்டையை நிழலில் காயவைத்துக் காகித உறையில் இடவேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

கணினிக்கும் பொருந்தும். ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பு, அதன்மேல் வேறு தரவு ஏறும்வரை அங்கேயே கிடக்கும். கோப்புகளை மட்டும் காப்பி எடுத்தால் அது வராது. அதனால்தான் ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதையும் எழுதவிடாத கருவி) மாட்டி, டிஸ்க் முழுவதையும் பிட் விடாமல் படியெடுத்து, மூலத்துக்கும் படிக்கும் ஹாஷ் மதிப்பு (தரவிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றா என்று பார்க்கிறார்கள்.

இடறுவது மனநலத்தில். செயலின் தன்மையை அறியும் நிலையில் குற்றம் நடந்த நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் இருந்தாரா என்பதே அங்கே கேள்வி. மருத்துவர் எதிரில் இருப்பவரிடம் பேசுகிறார், பழைய சிகிச்சைக் குறிப்புகளைப் படிக்கிறார். ‘தடய மனநலவியல்’ என்றால் மனத்தில் பதிந்த வடு பற்றிய படிப்பு என்றே தோன்றும். ‘மன்றுசார் மனநல மருத்துவம்’ எனலாமா?

---

அம்மா, வணக்கம்.

மனநலம் பற்றிச் சொன்னது சரி. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் மன்றம் என்றதும் இன்று ரசிகர் மன்றமும் இலக்கிய மன்றமும் முன்னால் வந்து நிற்கும். ‘வழக்குசார்’ என்றால் விளக்கமே வேண்டாம். வழக்குசார் மனநல மருத்துவம், வழக்குசார் கணக்காய்வு.

உடற்கூறாய்வுப் பக்கம் ‘சட்ட மருத்துவம்’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது. இலங்கையில் சட்ட வைத்திய அதிகாரி என்பது பதவிப் பெயரே. அதைத் தொடவேண்டாம். உடற்கூறாய்வில் கிளைகளின் எல்லை மாதிரியை இடும் புட்டியிலேயே தெரியும். நஞ்சுச் சோதனைக்கு எடுக்கும் ஈரலை மேற்கொண்டு உப்புக் கரையாத அளவு செறிந்த உப்புக் கரைசலில் இடுவார்கள். அது தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். திசுச் சோதனைக்கான துண்டு 10 சதவீத ஃபார்மலினில் நோய்க்குறியியல் (பெத்தாலஜி) பிரிவுக்குப் போகும். நஞ்சுக்கு எடுத்ததை ஃபார்மலினில் போட்டுவிட்டால் திசு இறுகி, நஞ்சைப் பிரித்தெடுப்பது கடினமாகிவிடும்.

ஓரிடத்தில் மட்டும் என் சொல்லும் உதவாது. ‘வழக்குசார் மொழியியல்’ என்றால் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு பற்றியது என்றுதான் படிப்பார்கள். மிரட்டல் கடிதம் யார் எழுதியது என்று நடையை வைத்துக் காணும் அந்தத் துறைக்கு ‘நீதிமன்ற மொழியியல்’ என்றே வைத்துக்கொள்வோம்.