புதுப்பிப்பு: சின்ன போனில் வெட்டுப்படும் பட்டன்
கல்முனையில் நெல் கொள்வனவு செய்யும் ஐயா ஒருவருக்காகச் செய்யும் ஆண்ட்ராய்டு ஆப்பில், என் போனில் ஒழுங்காகத் தெரியும் பட்டன்கள் அவருடைய போனில் வெட்டுப்படுகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பிக்சல் அளவுகளை டிபிக்கு (dp, திரையின் புள்ளி அடர்த்திக்கேற்பப் பிக்சலாக மாறும் அலகு) மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், பாதிதான் சரிவந்தது.

டிபி கணக்கு எளிது. 160 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 160 புள்ளிகள்) திரையில் 1 டிபி என்பது 1 பிக்சல். 320இல் 2, 480இல் 3. ஆகவே பட்டன் எல்லாப் போனிலும் கிட்டத்தட்ட ஒரே பருமனில் வருகிறது. ஆனாலும் 'மூட்டைக் கணக்கைச் சேமி' என்பதில் 'மூ'வின் கீழ்ச்சுழியே தெரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தால், ஐயா செட்டிங்கில் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருக்கிறார். எஸ்பியில் (sp, போன் செட்டிங்கின் எழுத்தளவோடும் சேர்ந்து மாறும் அலகு) கொடுத்த எழுத்து அதற்கேற்ப வளர்கிறது. பட்டன் உயரமோ 48 டிபியில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.

எழுத்தையும் டிபியில் கொடுத்துவிடு என்றார் ஒரு நண்பர். வெள்ளெழுத்து உள்ளவருக்கு அது அநியாயம். அப்புறம் உயரத்தை ராப் கன்டென்ட் (உள்ளே இருப்பதற்கேற்ப அளவு மாறுவது) ஆக்கி, 48 டிபியைக் குறைந்தபட்ச உயரமாக மட்டும் விட்டேன். எழுத்து இரண்டு வரியானால் இப்போது பட்டனும் கூடவே வளர்கிறது. பக்கம் நீண்டாலும் தள்ளிப் பார்க்கலாம்படி, முழுவதும் ஸ்க்ரோல் வியூவுக்குள்.

600 டிபி அகலத்துக்கான டேப்லெட் லேஅவுட்டை (திரை அமைப்பை) இப்போதைக்குத் தொடவில்லை. அங்கே யாரிடமும் டேப் இல்லை.

எமுலேட்டரில் (கணினியில் போன் போல இயங்கும் மென்பொருள்) சோதிப்பவர்கள் எழுத்தளவைக் கூட்டியும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14இல் அது 200 சதவீதம் வரை போகும்.