பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது ஸ்ட்ரெய்ட்-இன் விமானம்: யார் வழிவிடணும்?

சோலோ_மாணவன்:
கலிஃபோர்னியாவில், டவர் இல்லாத ஏர்ஃபீல்டில் பைப்பர் வாரியர் என்ற சிறிய விமானம் ஓட்டப் பழகுகிறேன். லெஃப்ட் பேட்டர்னில் (இடப்பக்கமாகவே திரும்பி ரன்வேயைச் சுற்றி இறங்கும் பாதை) பேஸ் (ஃபைனல் என்ற ரன்வேக்கு நேரான கடைசிப் பகுதிக்கு முன், குறுக்கே போகும் பகுதி) வந்த பிறகு யாரோ ரேடியோவில் "ஸ்ட்ரெய்ட்-இன், 3 மைல்" என்கிறார். அதாவது சுற்றாமல் நேராக ஃபைனலுக்கு வருகிறார். ஆள் கண்ணில் படவில்லை. நான்தான் கீழே இருக்கிறேன், முன்னுரிமை எனக்குத்தானே? திரும்பலாமா?

கிராஸ்விண்ட்:
ஆளைப் பார்க்காமல் திரும்பவே கூடாது. கீழே இருப்பவருக்கு முன்னுரிமை என்று சொல்லும் அதே விதி (அமெரிக்க விமான விதி 91.113), அதை வைத்துக்கொண்டு ஃபைனலில் இருப்பவர் முன்னால் போய் வெட்டாதே என்றும் சொல்கிறது.

3 மைல் என்பதைவிட அவர் வேகம்தான் முக்கியம். 2022 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் நடந்ததைப் பாருங்கள். பேட்டர்னில் செஸ்னா 152, ஸ்ட்ரெய்ட்-இன்னில் இரட்டை எஞ்சின் செஸ்னா 340. ரன்வேக்கு ஒரு மைலில் 340-இன் வேகம் சுமார் 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்). இரண்டு பேரும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 152 பைலட் பின்னால் வருபவரைப் பார்த்துவிட்டு, கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் ஏறுவது) போகிறேன் என்றும் சொன்னார். அப்படியும் மோதல், 3 பேர் இறந்தார்கள்.

கணக்குப் போடுங்கள்: நீங்கள் 60, அவர் 180 என்றால் இடைவெளி நிமிடத்துக்கு 2 மைல் குறையும். பார்த்து, புரிந்து, விமானம் அசைய 12.5 விநாடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.

டவுன்விண்டிலேயே (பேஸுக்கு முன், ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் பகுதி) கேட்டால் அப்படியே நீட்டிப் போங்கள். அவர் உங்களைக் கடந்து போவதைக் கண்ணால் பார்த்த பிறகு பேஸ். பேஸ் வந்துவிட்டால் ரன்வே சென்டர்லைனைத் தாண்டாதீர்கள். இறக்கத்தை நிறுத்தி, முன்கூட்டியே இடப்பக்கம் திரும்பி, ரன்வேக்கு இணையாகப் போய் ஏறுங்கள். எதிரே டவுன்விண்டில் ஆள் இருக்கலாம், அதையும் கவனியுங்கள். முந்துபவர் வலப்பக்கம் விலக வேண்டும் என்பது விதி. அதனால் பதறி வலப்பக்கம் ஒடிக்காதீர்கள்.

லோவிங்:
இறக்கை உடலுக்குக் கீழே உள்ள வாரியரில் இன்னொரு சிக்கல். லெஃப்ட் பேஸில் அவர் வருவது உங்கள் வலப்பக்கம். இடப்பக்கம் சாய்த்ததும் வலது இறக்கை எழும்பி அந்தப் பக்கத்தையே மறைத்துவிடும். சாய்ப்பதற்கு முன்பே, இறக்கை மட்டமாக இருக்கும்போது வலப்பக்கம் முழுக்கப் பாருங்கள். இறக்கை மேலே உள்ள செஸ்னா 172-இல் தலைகீழ்: திரும்பும் பக்கத்து இறக்கைதான் மறைக்கும்.

ஃபைனலில் வாரியர் மேலே, 172 கீழே என்றால் ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

கண்ணை வேகமாக ஓட்டினால் எதுவும் பதியாது. 10 டிகிரிக்கு ஒரு நிறுத்தம், குறைந்தது ஒரு விநாடி. கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நின்று பெருசாகும் புள்ளிதான் உங்கள் மேல் மோதப் போவது. விண்ட்ஷீல்டு கம்பிக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கலாம். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கணும்.

சோலோ_மாணவன்:
ஐபேடில் ஏ.டி.எஸ்-பி (மற்ற விமானங்கள் அனுப்பும் இருப்பிடத்தைக் காட்டுவது) ஓடுகிறதே, அது போதாதா?

கிராஸ்விண்ட்:
பேட்டர்னுக்குள் வருமுன் எந்தத் திசையில் தேடுவது என்று சொல்லும், அவ்வளவுதான். மின்சார சிஸ்டமே இல்லாத பழைய பைப்பர் கப் அதில் தெரியாமல் போகலாம், அதற்கு அந்தக் கருவி கட்டாயமில்லை. பேஸில் ஐபேடைக் குனிந்து பார்ப்பது வீண்.

ரேடியோவில் நேராகக் கேளுங்கள்: "ஸ்ட்ரெய்ட்-இன் விமானம், என்ன டைப், இப்போ எத்தனை மைல்? வெள்ளை வாரியர் லெஃப்ட் பேஸ், உங்களைப் பார்க்கல." ஏர்ஃபீல்டு பெயரை முதலிலும் கடைசியிலும் சொல்லுங்கள்; 122.8 என்ற ரேடியோ அலைவரிசையைப் பல ஏர்ஃபீல்டுகள் பகிர்கின்றன. லேண்டிங் லைட்டை 10 மைலிலேயே போட்டுவிடுங்கள்.